கப்பல் சுற்றுலா: குமரி மாவட்டத்துக்காரர்கள் எதில் ஏறலாம், எதை விட்டுவிடலாம்

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் டிராவல்ஸ் கடைக் கண்ணாடிகளில் வேளாங்கண்ணி, துபாய், சிங்கப்பூர் வரிசையில் இப்போது கப்பல் படமும் சேர்ந்துவிட்டது. படத்தில் எல்லாக் கப்பலும் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும். ஏறிய பிறகுதான் ஒன்றில் விடிய விடியப் பாட்டுக் கச்சேரி நடக்கும், இன்னொன்றில் தீவுக்காரர்கள் மளிகைச் சாமானோடு ஊருக்குப் போய்க்கொண்டிருப்பார்கள், மற்றொன்றில் நீச்சல் குளத்துக்கே வரிசை நிற்கும் என்று புரியும். எதுவும் மோசமில்லை. ஆள் மாறி ஏறினால்தான் காசும் லீவும் வீணாகும்.

அதனால் கப்பலின் அழகைப் பார்ப்பதற்கு முன்னால் மூன்று விஷயத்தை வீட்டிலேயே பேசி முடித்துவிட வேண்டும். யார் யார் வருகிறார்கள், எந்த மாதம், போவது கப்பலுக்குள் இருக்கவா அல்லது கப்பல் கொண்டுபோய் விடும் இடத்தைப் பார்க்கவா. மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலோர் பதில் வைத்திருப்பதில்லை. லட்சத்தீவு பார்க்க ஆசைப்பட்டு மூன்று இரவு சொகுசுக் கப்பலில் ஏறினால், தீவில் கால் வைப்பது சில மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் கப்பலுக்குள்ளேதான்.

ஏறும் இடம் எது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். விழிஞ்ஞம் பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கிருந்து ஏற முடியாதா என்று பலரும் கேட்கிறார்கள். 2025 மே மாதம் முறைப்படி தொடங்கிவைக்கப்பட்ட அந்தத் துறைமுகம் சரக்குப் பெட்டகக் கப்பல்களுக்கானது. சுற்றுலாக் கப்பலுக்கு அங்கே டிக்கெட் கிடையாது. நமக்கு வாய்ப்பு மூன்று: ரயிலில் கொச்சி, ரயிலில் சென்னை, இல்லையென்றால் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறிச் சிங்கப்பூர்.

முதலில் மாதம்

நம் மாவட்டத்தில் மீன்பிடித் தடைக்காலம் இரண்டு கணக்கில் வரும். சின்னமுட்டம் விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தடை மீன் குஞ்சு பொரிக்கத்தான் என்றாலும், ஒரே மாவட்டத்துக்கு இரண்டு கடல், இரண்டு காலண்டர் என்பதை இங்குள்ளவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கப்பல் சுற்றுலாவும் அந்தக் காலண்டர்படிதான் ஓடுகிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும். கொச்சி, லட்சத்தீவுப் பக்கம் சுற்றுலாப் பயணங்கள் அப்போது நின்றுவிடும் அல்லது வெகுவாகக் குறையும். அந்த மாதங்களில்தான் சென்னையிலிருந்து இலங்கைப் பக்கம் கப்பல் விடுகிறார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலில் புயல் காலம். நவம்பர் கடைசியில் மேற்குப் பக்கமும் முழுதாக நம்பக்கூடியதில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி நம் கரையில் செய்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பெரிய கப்பல் புயலுக்குள் போகாது. ஆனால் பாதையை மாற்றும், ஒரு துறைமுகத்தை விட்டுவிடும். டிக்கெட்டின் பின்னால் இருக்கும் நிபந்தனைகளில் அதற்கான உரிமையைக் கம்பெனிக்காரர்கள் எழுதி வைத்திருப்பார்கள். அதற்காக முழுப் பணமும் திரும்பி வராது. பெரும்பாலும் விட்டுப்போன துறைமுகத்தின் கட்டணம் மட்டும் திரும்பி வரும்.

மேற்குப் பக்கம் போக ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மிக நல்ல மாதங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி லீவு ஏப்ரல், மே மாதங்களில்தான் என்பது ஒரு சங்கடம். கள்ளக்கடல் வருவதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். காற்றே இல்லாமல், வெயில் பளிச்சென்று அடிக்கும்போதே, தெற்கே வெகுதொலைவில் இந்தியப் பெருங்கடலில் கிளம்பிய நீண்ட அலை வந்து மோதும். கப்பலுக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை. கப்பலிலிருந்து சின்னப் படகில் இறங்கித் தீவுக்குப் போவதைத்தான் அது கெடுக்கும். கன்னியாகுமரியில் கடல் நீர்மட்டம் தாழ்ந்தாலோ அலை கூடினாலோ விவேகானந்தர் பாறைக்குப் படகை நிறுத்துகிறார்களே, அதே காரணம்தான் அங்கும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் வெளியிடும் கடல் எச்சரிக்கையைக் கிளம்பும் வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம். மே மாதம்தான் முடியும் என்றால், ஒரு தீவையே நம்பியிருக்கும் திட்டத்தை எடுக்க வேண்டாம்.

வட்டக்கோட்டைப் படகில் ஒரு சோதனை

குடும்பத்தில் யாருக்காவது கப்பல் ஒத்துக்கொள்ளுமா என்ற சந்தேகம் இருந்தால், பல ஆயிரம் கொடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கன்னியாகுமரியிலிருந்து வட்டக்கோட்டைக்குப் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் தாமிரபரணி, திருவள்ளுவர் என்ற படகுகளை விடுகிறது. 2023-இல் தொடங்கியபோது ஆளுக்கு ஐநூறு ரூபாய்க்குள்தான் கட்டணம். கோட்டையில் இறக்கிவிட மாட்டார்கள். கடலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பும். சுற்றுலாவாக இதற்கு ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். சோதனைக்கு ஐந்துக்கு ஐந்து. விவேகானந்தர் பாறைக்குப் போகும் சில நிமிடப் பயணம் இதற்குப் பயன்படாது. வயிறு பதில் சொல்வதற்குள் இறங்கியாகிவிடும். வட்டக்கோட்டைப் பயணத்தில் திறந்த கடலில் போதுமான நேரம் இருக்கும். ஏசி அறைக்குள் உட்கார்ந்து போனில் ஏதாவது வாசித்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். அதில் தலை சுற்றாதவருக்கு பக்கவாட்டில் ஆட்டத்தைக் குறைக்கும் துடுப்பு (ஸ்டெபிலைசர்) வைத்த பெரிய கப்பலில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

வாசிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஆட்டத்தை உணர்கிறது. கண் பார்க்கும் சுவரோ, பக்கமோ ஆடவில்லை. இரண்டும் முரண்படும்போதுதான் குமட்டல். வள்ளத்தில் போகிறவருக்கு எப்போதும் தொடுவானம் கண்ணில் இருக்கிறது. அதே ஆளை ஜன்னல் இல்லாத கப்பல் அறையில் படுக்க வைத்தால் அவருக்கும் மயக்கம் வரலாம். கடலில் பிறந்து வளர்ந்தவனுக்கு எதற்கு மாத்திரை என்கிற வீறாப்பு இங்கே உதவாது. சின்னரிசின் போன்ற மாத்திரைகளை டாக்டரிடம் கேட்டு, கப்பல் கிளம்புவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் மாத்திரையும் வெளியே வரும். கர்ப்பிணிகளும் கண் அழுத்தம், புராஸ்டேட் தொல்லை உள்ளவர்களும் கேட்காமல் எதையும் போடக் கூடாது.

அறை

கப்பலைவிட அறையைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ஜன்னலில்லாத உள் அறை, ஜன்னல் அறை, பால்கனி அறை, சூட் என்று நான்கு படி. உள் அறைதான் மலிவு. குளிக்கவும் தூங்கவும் மட்டும் அறைக்குப் போகிறவர்களுக்கு அதுவே போதும், விளக்கை அணைத்தால் நடுப்பகலிலும் கும்மிருட்டு. மூச்சுமுட்டுகிற உணர்வு உள்ளவர்களும் குமட்டல் உள்ளவர்களும் அதை எடுக்க வேண்டாம்.

ஆட்டம் குறைவாக இருப்பது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில். முன்மூக்கும் பின்பகுதியும் தராசுத் தட்டுபோல ஏறி இறங்கும். பக்கவாட்டு ஆட்டத்தைத் துடுப்புகள் குறைக்கும். முன்பின் ஆட்டத்தை அவற்றால் அவ்வளவாகக் குறைக்க முடியாது. உயரத் தளத்தில் இருக்கும் விலை கூடிய சூட் அறையில்தான் ஆட்டம் அதிகம் தெரியும் என்று ஏஜென்ட் சொல்ல மாட்டார்.

இனி தளப்படம். கம்பெனியின் இணையதளத்திலேயே ஒவ்வொரு தளத்தின் வரைபடமும் இருக்கும். அறை எண்ணைக் கண்டுபிடித்ததும் அதற்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மேலே நீச்சல் குளத் தளம் என்றால் விடியற்காலையில் சாய்வு நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்கும். கீழே நாடக அரங்கோ டிஸ்கோவோ இருந்தால் நள்ளிரவு வரை தரை அதிரும். படத்தில் பெயர் எழுதாமல் வெறுமையாக விட்டிருக்கும் இடங்கள் பெரும்பாலும் சமையல் கூடமோ ஊழியர் பகுதியோ. விடியும் முன்பே தள்ளுவண்டிகள் உருளும். முன்பகுதிக் கீழ்த் தளத்தில் நங்கூரச் சங்கிலி இறங்கும் சத்தம், துறைமுகத்தில் ஒதுங்கும்போது உந்துவிசிறிகளின் உறுமல். மேலும் கீழும் அறைகளே இருக்கும் அறைதான் நல்ல அறை. ஜன்னல் அறை என்று காசு கொடுத்து, ஜன்னலுக்கு வெளியே ஆரஞ்சு நிற உயிர்காப்புப் படகை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. 'பார்வை மறைப்பு உண்டா' என்று கேட்டுப் பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள்.

அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள், கூடவே அம்மாச்சி என்று கிளம்புகிற குடும்பத்துக்கு ஒரு எச்சரிக்கை. மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறைவு என்று விளம்பரம் செய்வார்கள், உண்மைதான். அந்தக் கட்டில் கூரையிலிருந்து மடக்கி இறக்குவதாக இருக்கும், ஏணி வைத்து ஏற வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்குக் கொண்டாட்டம். அறுபதைத் தாண்டியவருக்கு ராத்திரி கழிப்பறைக்கு இறங்குவதே பாடு. உள்கதவால் இணையும் இரண்டு அறை எடுத்தால் கொஞ்சம் கூடுதலாகும், எல்லோரும் தூங்கலாம். சக்கர நாற்காலி வேண்டியவர்கள் அதற்கென்று அகலக் கதவும் படியில்லாக் குளியலறையும் உள்ள அறையைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு கப்பலில் அவை கொஞ்சமே இருக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும்.

லட்சத்தீவு அரசுக் கப்பல்

தீவு பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு எங்கள் முதல் சிபாரிசு இதுதான். லட்சத்தீவு நிர்வாகத்தின் ஸ்போர்ட்ஸ் என்ற சுற்றுலா அமைப்பு கொச்சியிலிருந்து 'சமுத்ரம்' என்ற ஐந்து நாள் திட்டத்தை எம்.வி. கவரத்தி கப்பலில் நடத்துகிறது. கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று மூன்று தீவுகள். பகலில் தீவில், சாப்பாடும் அங்கேயே. இரவில் கப்பலில் தூக்கம், விடிந்தால் அடுத்த தீவு. பணம் முழுவதும் இடத்துக்குப் போகிறது, அலங்காரத்துக்குப் போவதில்லை. மினிக்காயில் 1885-இல் கட்டிய கலங்கரை விளக்கமும் சூரைமீன் தொழிலும் உண்டு. மற்றத் தீவுகளில் பேசுவது மலையாளத்தின் ஒரு வகை. கல்குளம், விளவங்கோடு பக்கத்துக்காரர்களுக்குப் பேச்சில் சிரமமே இருக்காது.

சொகுசு எதிர்பார்க்கக் கூடாது. அது தீவுக்காரர்களின் பயணிகள் கப்பல்தான்; கலை நிகழ்ச்சி, சூதாட்டம் எதுவும் இல்லை. சாப்பாடு கேரள முறை. மட்டை அரிசிச் சோறும் மீன்கறியும் நமக்குப் பழகியதுதான். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு வகை குறைவு. பங்காரம் தீவு தவிர மற்றத் தீவுகளில் மதுவுக்குத் தடை. பையில் எடுத்துப்போகவும் கூடாது. மதுக்கூடத்துக்காகக் கப்பல் ஏறுகிறவர்களுக்கு இந்தக் கப்பல் சரிவராது.

கிளம்புவதற்கு நுழைவு அனுமதி வேண்டும். அடையாள அட்டை நகல், புகைப்படங்கள், பெரும்பாலும் காவல்துறை நற்சான்று ஆகியவற்றைக் கேட்பார்கள். நற்சான்றுக்குத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். உள்ளூர் நிலையத்திலிருந்து விசாரித்து அனுப்ப நாள் ஆகும், ஒரு மாதம் முன்பே போட்டுவிடுவது நல்லது. ஆதாரில் ஒரு மாதிரியும் விண்ணப்பத்தில் ஒரு மாதிரியும் பெயர் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். நம் பக்கத்தில் இது அடிக்கடி நடக்கிறது: அப்பா பெயர் ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் முழுப்பெயர், வீட்டுப் பெயர் மூன்றாவதில்.

இந்தப் பயணத்தில் மிகக் கடினமான கட்டம் தீவில் இறங்குவது. தீவைச் சுற்றிப் பவளப்பாறை இருப்பதால் கப்பல் பல நேரம் வெளிக்கடலில்தான் நிற்கும். கப்பலின் விலாவில் ஒரு கதவைத் திறப்பார்கள். கீழே படகு வந்து ஒட்டி நிற்கும். கப்பல் மெதுவாக அசையும், படகு வேகமாக ஏறி இறங்கும். இரண்டுக்கும் நடுவே சில நேரம் ஒரு அடி, சில நேரம் நான்கு அடி வித்தியாசம். வாசலில் இருபுறமும் இரண்டு ஊழியர், படகில் இரண்டு பேர். அவர்கள் உங்கள் முழங்கையைப் பிடிப்பார்கள், நீங்களும் அவர்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். படகு மேலேறி வாசல் மட்டத்துக்கு வரும் நொடியில் அவர்கள் குரல் கொடுப்பார்கள். அப்போது தாண்டிக் குதிக்கக் கூடாது, ஒரு படி இறங்குவதுபோல் கால் எடுத்து வைத்தால் போதும். தயங்கி அடுத்த நொடி கால் வைத்தால் படகு கீழே போயிருக்கும். கையில் பை இருக்கக் கூடாது. பையை அவர்களே தூக்கிப் போடுவார்கள். பின்வார் உள்ள செருப்பு வேண்டும், ரப்பர் செருப்பு நழுவும். புடவை கட்டுகிறவர்கள் அன்றைக்குச் சுடிதாருக்கு மாறிக்கொள்வது நல்லது. முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள், அண்மையில் ஆபரேஷன் செய்தவர்கள், நான்கு மாதக் கைக்குழந்தையோடு இருப்பவர்கள் இந்தப் பயணத்தைத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம். ஒவ்வொரு தீவிலும் இறங்க ஒரு முறை, ஏற ஒரு முறை என்று இதைச் செய்தாக வேண்டும்.

கார்டீலியா

இந்தியாவிலேயே ஏறி இறங்கும் சொகுசுக் கப்பல் என்றால் பெரும்பாலோர் இதைத்தான் கேள்விப்பட்டிருப்பார்கள். 2021 செப்டம்பர் முதல் கார்டீலியா கம்பெனி ஓட்டுகிற எம்பிரஸ் கப்பல் 1990-இல் கட்டியது. முன்பு ராயல் கரீபியன் கம்பெனியில் இருந்தது. மும்பை, கோவா, கொச்சி, லட்சத்தீவு என்று ஒரு பருவம். சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திரிகோணமலை, காங்கேசன்துறை என்று இன்னொரு பருவம். தேதியும் பாதையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

பழைய கப்பல் என்பதால் இன்றைய பெருங்கப்பல்களைவிட அறைகள் சிறியவை, பால்கனி அறைகள் குறைவு. இரண்டு பெரிய பெட்டியோடு போனால் நடக்க இடம் இருக்காது; மென்மையான பைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். இதன் பலம் சாப்பாடும் கலகலப்பும். சைவம், ஜைனச் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும். கும்பலாகப் போகும் அலுவலக நண்பர்கள், பிள்ளைகள் உள்ள குடும்பம், கல்யாண நாள் கொண்டாட்டம் ஆகியவற்றுக்கு ஏற்றது. அமைதி தேடுகிறவர்களுக்கு ஏற்றதில்லை. மாடியில் இரவு வரை இந்திப் பாட்டு ஓடும், வாரநாள்களில் கம்பெனி மாநாட்டுக் கூட்டமே பாதிக் கப்பலை நிறைத்திருக்கும். புக் செய்யும் முன் 'இந்தத் தேதியில் குழு முன்பதிவு பெரிதாக உண்டா' என்று கேளுங்கள். ஏஜென்ட் விசாரித்துச் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். கேட்பதில் நஷ்டமில்லை.

இரண்டு இரவு, மூன்று நாள் என்ற விளம்பரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஏறி, ஞாயிறு காலை எட்டு மணிக்கு இறங்கினால் நாற்பது மணி நேரம். அதில் தூக்கம் போக, ஏறிய முதல் மாலை வரிசையும் பாதுகாப்புப் பயிற்சியும் போக, முழுதாகக் கிடைப்பது ஒரே ஒரு நாள். நாகர்கோவிலிலிருந்து போகவர ஆகும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டு இரவுப் பயணம் நமக்குக் கட்டுபடியாகாது. மூன்று அல்லது நான்கு இரவு இருந்தால்தான் சரி. லட்சத்தீவின் அகத்தித் தீவில் நிற்கும் பயணமாக இருந்தால், அங்கும் சின்னப் படகில்தான் கரைக்குப் போக வேண்டும். கப்பலில் இருக்கும் அத்தனை பேரும் அதே படகுகளில் போயாக வேண்டும் என்பதால் வரிசை எண் வாங்கிக் காத்திருப்பதிலேயே காலை போகும். முதல் தொகுதியில் இறங்க முயலுங்கள்.

வெறும் கடல்காற்றுக்காக இவ்வளவு செலவா என்று நினைப்பவர்களுக்குக் கொச்சியில் நெஃபர்டிட்டி இருக்கிறது. கேரள அரசு நிறுவனத்தின் கப்பல், 48.5 மீட்டர் நீளம், 200 பேர். சில மணி நேரம் அரபிக்கடலுக்குள் போய்த் திரும்பும். சூரியன் மறையும் நேரப் பயணத்தை எடுத்தால் கொடுத்த காசுக்கு மோசமில்லை; இதற்காக மட்டும் கொச்சி வரை போகத் தேவையில்லை.

சிங்கப்பூர்

எண்பது வயதுப் பெரியவரும் குமட்டல் பயமுள்ள பிள்ளையும் ஒரே குடும்பத்தில் இருந்தால், பணமும் இடம் கொடுத்தால், எங்கள் தேர்வு சிங்கப்பூர். மலாக்கா நீரிணைக்கு ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலேசியா. பெருங்கடல் அலை உள்ளே வராது. ஆண்டின் பெரும்பகுதி குளம்போல் கிடக்கும். அங்கிருந்து கிளம்பும் ஜென்டிங் டிரீம் என்ற கப்பல் 2016-இல் கட்டியது, ஒன்றரை லட்சம் டன், அறைக்கு இருவர் கணக்கில் மூவாயிரத்துக்கு மேல் ஆள் பிடிக்கும். பினாங்கு, புக்கெட் போன்ற இடங்களுக்கு இரண்டு முதல் நான்கு இரவு. இந்தியச் சைவச் சாப்பாடு கிடைக்கும். குறை என்றால் கூட்டம்தான். பெரிய கப்பலில் எல்லாவற்றுக்கும் முன்பதிவு வேண்டும்; நிகழ்ச்சிக்கும் உணவகத்துக்கும் ஏறிய அன்றே செயலியில் இடம் பிடிக்காவிட்டால் பிறகு கிடைக்காது.

விசாவில் கவனம். கப்பலில் கிளம்புவது சிங்கப்பூரை விட்டு வெளியேறுவது, திரும்புவது மறுபடி நுழைவது. அதனால் பலமுறை நுழைவு விசா வேண்டும். கப்பல் நிற்கும் நாடுகளின் விதியும் பொருந்தும், கரையில் இறங்காவிட்டாலும் கேட்கலாம். மலேசியாவுக்கு இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். பாஸ்போர்ட் பயணம் முடியும் தேதியிலிருந்து ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூரில் கப்பல் நிலையம் இரண்டு: மரீனா பே, ஹார்பர்ஃபிரன்ட். டாக்சிக்காரரிடம் கப்பல் நிலையம் என்று மட்டும் சொன்னால் தவறான இடத்தில் இறங்கி ஓட வேண்டி வரும்.

கடலே வேண்டாம், தண்ணீரில் ஒரு ராத்திரி போதும் என்கிறவர்கள் ஆலப்புழை படகுவீட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆட்டம் கிடையாது. மதியம் ஏற்றி மறுநாள் காலை இறக்கிவிடுவார்கள். மாலை ஐந்தரைக்குமேல் படகு ஓடாது, மீனவர்கள் வலை போடும் நேரம் என்பதால் கட்டிப்போட்டுவிடுவார்கள். விலை குறைந்த படகுகளில் ஏசி ராத்திரி மட்டும்தான். புக் செய்யும்போதே கேட்டுவிடுங்கள். தாத்தா பாட்டிகளுக்கு உண்மையில் மிகவும் பிடிப்பது இதுதான்.

பில்லும் பத்திரங்களும்

விளம்பரத்தில் வரும் கட்டணம் ஒரு ஆளுக்கு, அதுவும் இருவர் தங்கும் கணக்கில். உதாரணத்துக்கு 25,000 என்று போட்டிருந்தால் தம்பதிக்கு 50,000. அதற்கு மேல் துறைமுகக் கட்டணம், ஜிஎஸ்டி, ஊழியர் சேவைத் தொகை. சேவைத் தொகையை ஆளுக்கு, இரவுக்கு என்று போடுவார்கள், குழந்தைக்கும் சேர்த்து. தனியாகப் போகிறவர் பல கம்பெனிகளில் இருவருக்கான கட்டணம் வரை கட்ட வேண்டி வரும். வெளிநாட்டுப் பேக்கேஜ் என்றால் டிசிஎஸ் என்று முன்கூட்டியே ஒரு வரி பிடிப்பார்கள். அது செலவில்லை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ரசீதில் பான் எண் சரியாக இருக்க வேண்டும். 'எல்லாம் சேர்த்து, வீட்டு வாசல் வரை எவ்வளவு' என்று கேட்டு ஒரே தொகையாக எழுதி வாங்குங்கள். அதில் சேராதவை: மது, தனி உணவகம், வைஃபை, கரைச் சுற்றுலா, புகைப்படம்.

போனை ஏறியதும் விமானப் பயன்முறையில் போட வேண்டும். கரை மறைந்ததும் கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கை போன் தானாகப் பிடித்துக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் வந்து விழும் குட்மார்னிங் படங்களுக்கே ஆயிரக்கணக்கில் பில் வரலாம். வளைகுடாவில் இருக்கும் மகன் அழைப்பான் என்று ஆன் செய்தே வைத்திருக்கும் பெற்றோரிடம் இதை இருமுறை சொல்லுங்கள்.

கப்பல் கிளம்பும் நாள் காலையில் ரயிலேறக் கூடாது. எர்ணாகுளத்துக்கு ஆறேழு மணி நேரம்தான் என்றாலும் ஒற்றைப் பாதைப் பகுதியில் ரயில் எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. முதல்நாளே போய்த் தங்குங்கள். சென்னைக்கு நாகர்கோவில் வந்தே பாரத் இரவு பதினொன்றை ஒட்டி எழும்பூர் சேரும், மறுநாள் துறைமுகத்துக்கு நிதானமாகப் போகலாம். ஏறும் வாசலைக் கப்பல் கிளம்புவதற்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ முன்பே மூடிவிடுவார்கள்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது கடலிலிருந்து மருத்துவமனைக்கு அவசரமாகக் கொண்டுபோகும் செலவு அதில் உண்டா என்று பாருங்கள். கப்பலில் டாக்டர் உண்டு, எல்லாம் கட்டணம்தான். கர்ப்பிணிகளைப் பெரும்பாலான கம்பெனிகள் 24 வாரத்துக்கு மேல் ஏற்றுவதில்லை. கைக்குழந்தைக்குக் குறைந்தது ஆறு மாதம், நீண்ட பயணத்துக்கு ஒரு வயது. இஸ்திரிப்பெட்டி, எலக்ட்ரிக் கெட்டில், ரைஸ் குக்கர் எதுவும் கூடாது, தீ பயம். வீட்டில் செய்த குழம்பும் கிழங்கும் வாசலிலேயே வாங்கி வைக்கப்படும். பாக்கெட் உடைக்காத நேந்திரங்காய் சிப்ஸை விட்டுவிடுவார்கள். பஃபேக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வாசலில் வைத்திருக்கும் சானிடைசர் கப்பல்களில் பரவும் நோரோ வைரஸுக்குப் போதாது.

பாதுகாப்புப் பயிற்சிக்குப் போகாமல் அறையில் படுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. 2012-இல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்தபோது, அன்று ஏறியவர்களில் பலருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் கிளம்புவதற்கு முன்பாக அல்லது கிளம்பிய உடனே பயிற்சி கட்டாயமானது. உங்கள் கூடும் இடம் எந்தத் தளம், எந்தப் பக்கம் என்று படியில் இறங்கி ஒரு தடவை நடந்து பாருங்கள். தீ வந்தால் லிஃப்ட் ஓடாது.

ஏறும்போது ஒப்படைக்கும் பெட்டி அறைக்கு வர மாலை ஆகலாம். மருந்து, இன்சுலின், குழந்தையின் பால்பொடி, ஒரு மாற்றுத்துணி, பாஸ்போர்ட் எல்லாம் தோள்பையில் இருக்க வேண்டும். கடைசி இரவு பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள், இறங்கிய பிறகு கரையில்தான் கிடைக்கும். மறுநாள் உடுத்தும் துணியையும் செருப்பையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, டிவி திரையில் அறைக்கணக்கைத் திறந்து ஒவ்வொரு வரியையும் பாருங்கள். எடுக்காத குடிநீர்ப் பாட்டில், வாங்காத போட்டோ ஏதாவது ஏறியிருந்தால் அந்த இரவே வரவேற்பு மேசைக்குப் போய்ச் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்கு அங்கே நிற்கும் வரிசையில் நின்றால் எர்ணாகுளத்து ரயில் போய்விடும்.